முதலை நாட்டில் ஊற்றுக் குளியல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் வடக்கு முனை, டார்வின். வீட்டிலிருந்து நடந்தால் கடல், ஆனால் கால் நனைக்கவே யோசிக்க வேண்டும். பாதி வருடம் ஜெல்லிமீன், வருடம் முழுக்க முதலை. நீச்சல் பிடித்தவர்கள் உள்நாட்டு ஊற்றுகளைத் தேடித்தான் போவார்கள்.

போன ஜூலையில் மாதரங்கா போனோம். தெற்கே 420 கிலோமீட்டர். அங்கே பிட்டர் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊற்று, பெயர்தான் கசப்பு. சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து 34 டிகிரி சூட்டில் தண்ணீர் வருகிறது. விடியற்காலைக் குளிரில் மேலே ஆவி பறக்கும். குளம் மாதிரி தேங்கி நிற்காமல் மெல்ல ஓடுகிற ஓடை அது. மிதப்பதற்கான ஒரு பஞ்சுக் குழாயை அக்குளில் செருகிக்கொண்டு மல்லாந்தால் போதும், தண்ணீரே தள்ளிக்கொண்டு போகும். கீழே படிக்கட்டில் ஏறி, நடந்து வந்து, மறுபடி இறங்கலாம்.

நான்காவது சுற்றில், கரையோரத் தாழையிலிருந்து கனமாக ஏதோ தொப்பென்று என் காலடியில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் மரத்து வௌவால்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. விழுந்தது உடும்பு. அது என்னைவிடப் பயந்து எதிர்க்கரைக்கு நீந்திப் போனது. என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

*

உடும்புக்கே இப்படியா! நான் பார்த்தது நிஜ முதலை.

கேதரின் ஊரில், ஆற்றங்கரையை ஒட்டியே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்களுக்கு நடுவே ஒரு கட்டை. கட்டைக்குக் கண் இருந்தது. ஒன்றரை மீட்டர் இருக்கும், மூக்கு மட்டும் குச்சி மாதிரி ஒல்லி. எப்படிக் கரையேறினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த உள்ளூர்ப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, ஃப்ரெஷி" என்று சொல்லிவிட்டு நீச்சலைத் தொடர்ந்தார்! ஃப்ரெஷி என்றால் நன்னீர் முதலை. மீன், தவளை, பூச்சி தின்கிற ஜாதி. மிதித்தாலோ சீண்டினாலோ கடிக்கும், மனிதனைத் தேடி வராது. ஆளைக் கொல்வது சால்ட்டி என்கிற உவர்நீர் முதலைதான். இந்தப் பெயரில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். உவர்நீர் என்றால் கடலோடு நின்றுவிடும் என்று நினைக்கிறோம். மழைக்கால வெள்ளத்தில் அது ஆற்றோடு ஏறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும். வெள்ளம் வடிந்ததும் எந்த மடுவில் தங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க ரேஞ்சர்கள் ஆற்றில் மிதவைகளைக் கட்டிவிடுவார்கள். சால்ட்டி தன் இடத்தில் மிதக்கிற எதையும் கடித்துப் பார்க்குமாம். மிதவையில் பல் தடம் இருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

*

என் கதையில் முதலையே இல்லை, பூட்டிய கேட் மட்டும்தான்.

டார்வினுக்குப் பக்கத்தில் பெர்ரி ஸ்பிரிங்ஸ், ஐம்பது கிலோமீட்டருக்குள். ஏப்ரல் கடைசி, மழை நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது, வானம் பளிச். பிள்ளைகள் காரிலேயே நீச்சலுடை மாட்டிவிட்டார்கள். போனால் நீச்சலுக்குத் தடை. நான் திட்டாத திட்டு இல்லை. கண்ணாடி மாதிரி தண்ணீர், இதில் எங்கே முதலை ஒளியும்?

பிற்பாடுதான் புரிந்தது. மழைக்காலம் முடிந்ததும் இரவில் டார்ச் அடித்துத் தேடுவார்கள். முதலையின் கண் சிவப்பாக மின்னும். பன்றி இறைச்சி தொங்கவிட்ட கூண்டுகளையும் வைப்பார்கள். திருப்தி ஆகும்வரை திறப்பதில்லை. திறந்த பிறகும் முழு உத்தரவாதம் கிடையாது. 2023 ஜூலையில், அதாவது நட்டநடு வறண்ட காலத்தில், லிச்ஃபீல்டு தேசியப் பூங்காவில் 'வாங்கி' என்கிற அருவியின் குளத்தில் ஒருவரை சால்ட்டி கடித்தது. குளம் அன்று திறந்துதான் இருந்தது. 1971-இல் வேட்டைக்குத் தடை வந்தபோது அழியும் நிலையில் இருந்த இனம், இப்போது வடக்கு முனையில் லட்சத்தை எட்டிவிட்டது என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, ஊரே அவற்றுடையதுதானே.

பெர்ரி ஸ்பிரிங்ஸ் திறந்த வாரமே போனோம். பிள்ளைகள் தண்ணீருக்கு ஓட, நான் அறிவிப்புப் பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு, வேர்களுக்கு நடுவே கிடந்த ஒவ்வொரு கட்டையையும் எண்ணிக்கொண்டு கரையில் நின்றேன். ஏழு. பன்னிரண்டு மணிக்கு மறுபடி எண்ணினேன், ஏழுதான். அப்புறம்தான் இறங்கினேன்.