குடும்ப செடானின் சஸ்பென்ஷனை மேம்படுத்துதல்: ஸ்பிரிங்கா, ஷாக் அப்சார்பரா, டயரா?

ஏற்காடு அடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது 2016ஆம் ஆண்டின் பெட்ரோல் செடான். 80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்புறம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு), 185/65 ஆர்15 டயர் என எல்லாம் கம்பெனி கொடுத்த அமைப்பிலேயே உள்ளன. டயரைத் தவிர எதையும் இதுவரை மாற்றியதில்லை. சேலத்தில் குடியிருப்பதால் ஏற்காட்டுக்கு அடிக்கடி போகிறோம். நெடுஞ்சாலையில் பெரிய குறை தெரிவதில்லை. ஆனால் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில், ஒரு வளைவில் சாய்ந்த வண்டி நிமிர்ந்து நிலைகொள்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுவதால், பின்னிருக்கையில் அமரும் அம்மாவுக்குப் பாதி மலை ஏறுவதற்குள்ளேயே குமட்டல் தொடங்கிவிடுகிறது.

30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் போட்டால் சாய்வு குறைந்துவிடும் என்று ஒரு துணைக்கருவிக் கடையில் சொன்னார்கள். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர், பின்பக்க ஆன்டி-ரோல் பார் (இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) ஆகியவற்றில் எதற்கு முதலில் செலவு செய்வது சரி? பயண சொகுசை இழக்க எனக்கு விருப்பமில்லை.

கோவைப் பட்டறை எழுதியது:

ஐயா, எதையும் வாங்குவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். இவ்வளவு தூரம் ஓடியும் ஷாக் அப்சார்பரை மாற்றவில்லை என்றால், அந்த வண்டி புதிதாக வந்தபோது எப்படி ஓடியது என்பது உங்களுக்கே மறந்திருக்கும், ஏனென்றால் ஷாக் ஒரே நாளில் கெடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதால் ஓட்டுபவரின் கை அதற்குப் பழகிவிடுகிறது. குழாயின் வெளிப்புறத்தில் எண்ணெய் கசிந்து அதன்மேல் தூசி கருப்பாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் சுற்றித் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையில் ஒட்டி ஓடாமல் துள்ளியிருக்க வாய்ப்பு அதிகம். லோயர் ஆர்ம் புஷ்ஷை (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் ரப்பர் மூட்டை) நெம்புகோலால் அசைத்தால் ரப்பரின் வெடிப்பு வாய் திறந்து தெரியும். சிறு மேடுகளில் கடகடவென்று சத்தம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆன்டி-ரோல் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராட். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டக்' என்று தெறித்தால், ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு பிணைக்கும் ஸ்ட்ரட் மவுண்டையும் அதன் பேரிங்கையும் பாருங்கள்.

வளைவில் வண்டி கடைசியாக எவ்வளவு சாயும் என்பதைத் தீர்மானிப்பவை ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும். அந்தச் சாய்வை வண்டி எவ்வளவு வேகத்தில் அடைகிறது, பிறகு எத்தனை முறை ஆடி நிமிர்கிறது என்பதைத் தீர்மானிப்பது ஷாக் அப்சார்பர். நீங்கள் விவரித்திருப்பது இரண்டாவது வகைத் தொல்லை. ஆகவே ஸ்பிரிங்கைத் தொடாமல் நல்ல ஷாக்குகளை மட்டும் மாற்றினாலே ஏற்காட்டுப் பாதையில் பெரிய வேறுபாடு தெரியும்.

கம்பெனி ஷாக்கே போதும் என்பது என் கருத்து. அதைவிடச் சற்று இறுக்கமாக வேண்டுமென்றால், ஷாக் தயாரிக்கும் பில்ஸ்டைன் நிறுவனத்தில் பி4 என்பது கம்பெனி பாகத்துக்கு நிகரான மாற்று, பி6 என்பது அதே உயரத்தில் கூடுதல் இறுக்கம் தருவது, பி8 என்பது தாழ்த்தும் ஸ்பிரிங்குகளுக்காகக் குட்டையாகச் செய்யப்பட்டது. உங்கள் காருக்கென்றே பாக எண் பட்டியலில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வேறு காருக்கானதை வெட்டி ஒட்டிப் பொருத்தித் தருகிறோம் என்பவர்களிடம் போகவேண்டாம்.

ஓசூர் பொறியாளர் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். 30 மி.மீ. தாழ்த்துவதைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் இதன் பாதியை மட்டுமே சொல்வார்கள்.

வண்டியைத் தாழ்த்தினால் அதன் ஈர்ப்பு மையம் இறங்குகிறது; அது நல்லதுதான். ஆனால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் லோயர் ஆர்மின் கோணமும் கூடவே மாறிவிடுவதால், எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு வண்டி சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரமே சாய்க்கும் விசைக்கு நெம்புகோலாக இருப்பதால், தாழ்த்திய வண்டி அதே ஸ்பிரிங் இறுக்கத்தில் கூடுதலாகவே சாயும். அதை ஈடுகட்டத்தான் அந்த ஸ்பிரிங்குகளை இறுக்கமாகச் செய்கிறார்கள், அந்த இறுக்கத்துக்கான விலையை உங்கள் அம்மா முதுகில் உணர்வார். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., வண்டி ஓடும் திசையில் அகலம் 3.7 மீட்டர். நம் ஊர்த் தெருக்களில் அந்த அளவில் ஒன்றைக் கண்டால் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு 30 மி.மீ. குறைந்த வண்டி, விதியை மீறிய அந்த வேகத்தடைகளைத் தாண்டவேண்டும்.

டயரைப் பொறுத்தவரை, 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர், அதாவது 185 மி.மீ. அகலத்தில் 65 சதவீதம், ஏறத்தாழ 120 மி.மீ. உயரம். 195/55 ஆர்16 போட்டால் அது 107 மி.மீ. ஆகிறது, ஆனால் இரண்டின் மொத்த விட்டமும் 621 மி.மீ. அளவிலேயே இருப்பதால் வேகமானி பிசகாது. பக்கச்சுவர் குட்டையானால் ஸ்டீயரிங்குக்கு வண்டி உடனே திரும்பும். பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கு ஆபத்தும் கூடும். உங்கள் காரின் உயர்ரக மாடலில் இந்த அளவைக் கம்பெனியே கொடுத்திருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் இப்போதுள்ள அளவிலேயே ஒரு நல்ல டயர் போதும். பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்; 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

ஆழியார் 40 எழுதியது:

பின்பக்க ஆன்டி-ரோல் பாரை யாரும் கவனிக்கவில்லையே! முன்சக்கர இயக்கக் கார்கள் பெரும்பாலும் வளைவில் மூக்கு வெளியே தள்ளும் குணமுடையவை, அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளிப்பக்கம் போகும். பின்புறத்தை இறுக்கினால் அது குறைகிறது, சாய்வும் குறைகிறது, நேர்சாலையில் சொகுசும் பெரிதாகக் கெடுவதில்லை. வால்பாறைப் பாதையில் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைப்போல் பலன் தரும் பாகம் வேறொன்றில்லை.

கோவைப் பட்டறை எழுதியது:

ஆழியார் நண்பருக்கு: பாரின் இறுக்கம் அதன் விட்டத்தின் நான்காம் படியில் ஏறுகிறது. 16 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 19 மி.மீ. போட்டால் இறுக்கம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தனியாக ஓட்டும் ஆர்வலருக்கு அது இன்பமாக இருக்கலாம். ஆனால் மழையில் நனைந்த மலைப்பாதையில், இறங்கும்போது வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், முன்பு மூக்குத் தள்ளிய அதே கார் இப்போது வாலை வீசும், பின்புறம் வெளியே வழுக்கும். குடும்பத்தில் அந்தக் காரை ஓட்டும் எல்லோருக்கும் அதைச் சமாளிக்கத் தெரியுமா? மேலும் டார்ஷன் பீமே முறுக்கிக்கொண்டு ஓரளவு ஆன்டி-ரோல் பாரின் வேலையைச் செய்கிறது.

ஓசூர் பொறியாளர் எழுதியது:

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே வகைப் பாகத்தைப் போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை.

ஏற்காடு அடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாழ்த்தும் ஸ்பிரிங் யோசனையைக் கைவிட்டேன். லிஃப்டில் ஏற்றிப் பார்த்ததில் பின்பக்க ஷாக் இரண்டிலும் கசிவு, இடப்பக்க லோயர் ஆர்ம் புஷ்ஷில் வெடிப்பு. நான்கு ஷாக், இரண்டு லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவற்றைக் கம்பெனிப் பாகங்களாகவே வாங்கப்போகிறேன். டயர் அடுத்த மாதம். பொருத்தும்போது கவனிக்கவேண்டியது எதுவும் உண்டா?

கோவைப் பட்டறை எழுதியது:

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போதே பம்ப் ஸ்டாப்பையும் (ஸ்ட்ரட் முழுதும் அமுங்கும்போது இடிப்பைத் தாங்கும் கட்டை) தூசி உறையையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பின்னர் அதற்காக மறுபடியும் கூலி கொடுக்கவேண்டாம். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக முடுக்க விடாதீர்கள். அப்படி முடுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துபோகும். சக்கரங்கள் தரையில் பதிந்து வண்டியின் எடை முழுவதும் அவற்றின்மேல் இறங்கிய பிறகே டார்க் ரெஞ்சால் (குறித்த இறுக்க அளவுக்கு முடுக்கும் கருவி) கடைசி முடுக்கு கொடுக்கச் சொல்லுங்கள். வீல் அலைன்மென்ட்டை (சக்கரங்களின் கோணச் சீரமைப்பை) அதன் பிறகு பாருங்கள். கோணங்களைச் சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் உள்ள அளவுகளை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.