பத்தாயம் நிறைய காமிக்ஸ், கொண்டுபோக முடிஞ்சது 150 தான். எதை வெச்சுக்கறது?

பாமணி ஆத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கத்துல கிராமம். தாத்தா கட்டுன ஓட்டு வீடு, பாகம் பிரிச்சு சித்தப்பா பங்குக்குப் போயிடுச்சு, தை பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுக்கணும். நான் சென்னையில ரெண்டு ரூம் வாடகை வீட்டுல இருக்கேன், பீரோவுல மேல் ரெண்டு தட்டு ஒதுக்கிக்கலாம்னு வீட்டுல சொல்லிட்டாங்க, அளந்து பார்த்ததுல எப்படி அடுக்குனாலும் 150 புக்குக்கு மேல போகாது.

இங்க இருக்கறது 612. அப்பா நெல்லு கொட்டறதை நிறுத்துனதுக்கப்புறம் பத்தாயம் சும்மாதான் கெடந்துச்சு, அதுக்குள்ள வேப்பிலையைப் பரப்பி மேல யூரியா சாக்கை விரிச்சு அடுக்கி வெச்சிருந்தாங்க. இப்பவும் மூடியைத் தொறந்தா நெல்லு வாசனையும் பழைய பேப்பர் வாசனையும் சேர்ந்து வரும். முத்து காமிக்ஸ் 140, லயன் 170, ராணி காமிக்ஸ் 210, மீதி 92ல பூந்தளிர், கோகுலம், அம்புலிமாமா, இந்திரஜால், அமர் சித்திர கதை எல்லாம் கலந்து இருக்கு. முத்துல ஒரு 60 அப்பா வாங்குனது. அறுப்பு முடிஞ்சு கையில காசு வந்தா தஞ்சாவூர் போவாங்க, வரும்போது மஞ்சப் பையில அம்மாவுக்குப் பூ, எனக்கு பன்னீர் சோடா, அவங்களுக்கு ஒரு புக்கு. எங்க வீட்டுல மாயாவின்னு சொன்னா ரெண்டு பேருக்கும் ரெண்டு ஆளு ஞாபகம் வரும். அப்பாவுக்கு கரெண்ட்டைத் தொட்டா உடம்பு மறைஞ்சு கை மட்டும் தெரியற இரும்புக்கை மாயாவி, எனக்கு ராணில வந்த முகமூடி வீரர் மாயாவி. அப்பா போயி ரெண்டு வருஷம் ஆச்சு.

மூணு நாளா திண்ணையில உக்காந்து பிரிக்கறேன், வேண்டாம்னு ஒதுக்குனது வெறும் 4 புக்கு, அதுவும் நடுப்பக்கம் இல்லாதது. நல்ல கண்டிஷன்ல இருக்கறதை வெச்சுக்கறதா, கிடைக்காததை வெச்சுக்கறதா, இல்ல திரும்பத் திரும்பப் படிக்கறதை மட்டும் வெச்சுக்கறதா? அட்டை இல்லாத பழைய முத்துவா, பளபளன்னு இருக்க கலர் லயனான்னு வந்தா எதை எடுக்கறது? பழைய பேப்பர் கடைக்கு ஒண்ணு கூடப் போடமாட்டேன், அது மட்டும் முடிவு.

கும்மோணம் வாசகர்:

தம்பி, முதல்ல மூச்சு விட்டுக்கங்க, மூணு நாள்ல பிரிக்கற விஷயம் இல்ல இது, நான் என்னுதை 900லேருந்து 300க்குக் கொண்டுவர ஒன்றரை வருஷம் ஆச்சு. ஒவ்வொரு புக்கா கையில எடுத்து பிடிக்குமா பிடிக்காதான்னு கேட்டா எல்லாமே பிடிக்கும்னுதான் மனசு சொல்லும். அதனால கேள்வியை மாத்திக்கங்க, இந்தக் கதை நாளைக்கு வேணும்னா வேற ரூபத்துல கிடைக்குமா கிடைக்காதா, அவ்வளவுதான்.

அப்படிப் பார்த்தா உங்க கணக்குல முதல்ல குறையறது லயன்தான். 2012ல திரும்ப சுறுசுறுப்பா வர ஆரம்பிச்சதுக்கப்புறம் நல்ல தாள்ல கலர்ல நிறைய வந்துடுச்சு. கௌபாய் கதை கேப்டன் டைகரை எடுத்துக்கங்க, ழான் ஜிரோ வரைஞ்ச அந்தப் பாலைவனத்தையும் செம்மண் பாறையையும் நாம கறுப்பு வெள்ளையில பார்த்தப்போ பாதிதான் பார்த்தோம், கலர்ல பார்த்தப்போதான் சாயங்கால வெளிச்சம்னு ஒண்ணு அந்தப் படத்துல இருக்குன்னே தெரிஞ்சுது. லக்கி லுக்கும் அப்படித்தான். கலர்ல ஒரு கதை உங்ககிட்ட இருந்தா அதோட பழைய கறுப்பு வெள்ளை புக்கை தாராளமா யாருக்காவது குடுங்க. ஆனா டெக்ஸ் வில்லருக்கு இந்தக் கணக்கு ஆகாது, அது இத்தாலியிலயே கறுப்பு வெள்ளையா வந்துட்டிருந்த கதை, அந்தக் கோடும் நிழலும் அதுக்குன்னே போட்டது, பழசுங்கறதுக்காக ஒதுக்காதீங்க.

ராணி காமிக்ஸ் விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். 1984 ஜூலைல ஜேம்ஸ் பாண்டோட ஆரம்பிச்சுது, 2005ல நின்னுடுச்சு. லயனும் அதே 1984 ஜூலைதான், ஆனா லயன் இன்னைக்கும் வருது, கடையிலயும் புத்தகக் கண்காட்சியிலயும் கேட்டு வாங்கலாம், ராணியை அப்படிப் போயி வாங்க முடியாது. இன்னொரு காரணமும் இருக்கு, விலை கம்மி, பெட்டிக்கடையில கூட தொங்கும், நம்ம பக்கத்துல காமிக்ஸ் படிக்கவே ராணில ஆரம்பிச்சவங்கதான் பாதிப் பேரு. சுலபமா கிடைச்சுதுன்னே யாரும் பத்திரப்படுத்தல, மளிகைக் கடையில பொட்டலம் மடிச்சுட்டாங்க. ஆனா 210ஐயும் தூக்கிட்டுப் போகச் சொல்லல. முதல் அஞ்சாறு வருஷத்து புக்கு, ஜேம்ஸ் பாண்ட், உங்க முகமூடி மாயாவில உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு 20, இது போதும். கடைசி வருஷங்கள்ல வந்ததுல பல கதை எனக்கு மனசுல நிக்கல, படம் அப்படி இருந்துச்சு.

முத்துல இரும்புக்கை மாயாவி, லாரன்ஸ் டேவிட், ஜானி நீரோ, அந்த மும்மூர்த்திகள் கதை நிறைய மறுபதிப்பு வந்தாச்சு. கதைக்காக அதைச் சுமக்க வேண்டியதில்ல. கண்டிஷன் பார்த்து நல்லதா 30 வெச்சுக்கிட்டு மீதியை, செட்டுல குறையுதுன்னு தேடிக்கிட்டு இருக்கவங்களுக்குக் குடுக்கலாம். விக்கறதா இருந்தா அவசரப்பட்டு மொத்தமா ஒருத்தருக்குத் தூக்கிக் குடுத்துடாதீங்க, நம்மகிட்ட எடைக்கு வாங்கிட்டுப் போயி ஒரு புக்குக்கு ஆயிரக்கணக்குல விலை சொல்றவங்களும் இருக்காங்க.

மாயவரம் அக்கா:

கும்மோணத்து அண்ணன் சொன்னதெல்லாம் சரிதான், ஆனா அந்தக் கடைசிப் பத்தி மட்டும் எனக்கு ஒப்பல. கதை மறுபதிப்பு வரும். அப்பா கையில இருந்த புக்கு மறுபதிப்பு வருமா தம்பி?

எங்க அண்ணன் வெள்ளிக்கிழமை சிறுவர்மலர் வந்ததும் படக்கதையை மட்டும் வெட்டி எடுத்து கோடு போடாத நோட்டுல சோத்துப் பசை வெச்சு ஒட்டும், வாரா வாரம், பள்ளிக்கூடம் முடியற வரைக்கும். ராணியும் முத்துவும் தனியா பைண்டிங்குக்குக் குடுத்தது. பைண்டு பண்ணவரு ஓரம் சமமா வரட்டும்னு மூணு பக்கமும் வெட்டிட்டாரு, பாதிப் பக்கங்கள்ல மேல இருக்க வசன பலூனோட முதல் வரியே இல்ல, அட்டையையும் கிழிச்சுப் போட்டுட்டாரு. விலைக்குன்னு பார்த்தா அந்த வால்யூமை யாரும் தொடமாட்டாங்க. ஆனா போன இடத்துலயெல்லாம் அதைத்தான் நான் தூக்கிட்டுப் போனேன், மாயவரம், நெய்வேலி, திருச்சி, திரும்ப மாயவரம். வெட்டுப்பட்ட வரியை அண்ணன் பென்சில்ல ஓரத்துல எழுதி வெச்சிருக்கு, தனக்கு ஞாபகம் இருந்த வரைக்கும். ஞாபகம் இல்லாத இடத்துல தானே ஒரு வசனம் எழுதியிருக்கு. அண்ணன் துபாய் போயி அங்கேயே தங்கிடுச்சு, என் பசங்க அந்த வசனத்தைத்தான் ஒரிஜினல்னு நெனச்சுப் படிச்சாங்க. சோத்துப் பசை நோட்டு மட்டும் மிஞ்சல, ராமபாணப் பூச்சிக்கு கஞ்சின்னா உசுரு, பசை இருந்த இடமெல்லாம் அரிச்சுத் தின்னுடுச்சு.

அதனால நான் சொல்றது, முதல்ல அப்பாவோட 60ஐத் தனியா எடுத்து வைங்க, அதுல கண்டிஷன் பார்க்காதீங்க. ஒவ்வொண்ணா அட்டைக்கு உள்பக்கம், கடைசிப் பக்கம், விளம்பரப் பக்கம் எல்லாம் புரட்டிப் பாருங்க. எழுத்து, கணக்கு, பஸ் டிக்கெட், எதாவது கண்டிப்பா இருக்கும். அதுக்கப்புறம் மீதி இடத்துக்கு கும்மோணத்து அண்ணன் சொன்ன கணக்கு.

பூந்தளிரைப் பத்தி யாருமே பேசல. வாண்டுமாமா ஆசிரியரா இருந்தப்போ வந்தது இருந்தா அதை ஒதுக்காதீங்க. கபீஷ் குரங்கோட வாலு நீளறதும் காக்கை காளியும் வேட்டைக்கார வேம்புவும் நம்ம காலத்துப் பசங்க அத்தனை பேருக்கும் சொந்தக்காரங்க மாதிரி.

பட்டுக்கோட்டை தென்னந்தோப்பு:

எதை வெச்சுக்கறதுன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, எப்படி வெச்சுக்கறதுன்னு நான் சொல்றேன், ஏன்னா நான் பறிகொடுத்தவன். கஜா புயல், 2018 நவம்பர் 16 விடியக்காலை. ஓடு மொத்தமும் பறந்துபோச்சு, அலமாரி மேல மழை நேரா கொட்டுச்சு. தோப்புல விழுந்த மரத்தை எண்ணவே ஒரு வாரம் ஆச்சு, புக்கைப் பத்தி நெனைக்கக்கூட கூச்சமா இருந்த நேரம் அது, ஆனாலும் ராத்திரி கரெண்ட் இல்லாம அரிக்கேன் வெளிச்சத்துல உக்காந்து ஒவ்வொண்ணா பிரிச்சேன். அப்போ ஒண்ணு பார்த்தேன். பழைய சொரசொரப்பான தாள்ல அச்சடிச்ச முத்துவும் ராணியும் உப்பி, அலை அலையா வளைஞ்சு, கறை பிடிச்சு, ஆனாலும் பக்கம் பக்கமா பிரிஞ்சு வந்துச்சு. இப்பவும் படிக்கலாம். விலை குடுத்து வாங்குன பளபளப்புத் தாள் கலர் புக்கு எல்லாம் ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி செங்கல்லு மாதிரி ஆயிடுச்சு. காய விட்டுப் பிரிச்சா படத்தோட மேல்தோல் உரிஞ்சு எதிர்ப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு வருது. அந்தத் தாளுக்கு மேல ஒரு பூச்சு இருக்கும், நனைஞ்சா அதுவே பசையாயிடுது. ஈரமா இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் தாள் சொருகியிருந்தா கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அப்போ தெரியல.

தம்பி, நீங்க சென்னைக்கே போறீங்க, அங்கயும் கார்த்திகை மழை உண்டு, கடல் காத்து வேற. பீரோவை வெளிச்சுவர் ஓரமா வெக்காதீங்க, மழைக்காலத்துல அந்தச் சுவர் ஓதம் வாங்கும். படுக்க வெச்சு அடுக்காதீங்க, நிக்க வைங்க, ரொம்ப நெருக்காம. பழைய புக்குல பின்னு துருப்பிடிச்சிருக்கும், அந்தத் துருதான் நடுப்பக்கத்தை ஓட்டை போட்டு கழட்டி விடுது. கத்தி முனையால பின்னோட காலை நிமித்தி, வெளிப்பக்கமிருந்து மெதுவா இழுத்து எடுத்துட்டு, அதே ஓட்டையில வெள்ளைப் பருத்தி நூல் கோத்து உள்பக்கம் முடிச்சு போடுங்க. ஒரு புக்குக்கு அஞ்சு நிமிஷம். செல்லோ டேப் கையாலயும் தொடாதீங்க, பத்து வருஷத்துல பழுப்பா கறை நிக்கும், டேப்பும் கழண்டுடும். லேமினேஷனும் வேண்டாம். கவர் போடறதுன்னா புதுச் சட்டையைச் சுத்தி வர மாதிரி மொடமொடன்னு இருக்க பாலிப்ரொப்பிலீன் கவர் வாங்குங்க, மெத்துன்னு வாடை அடிக்கிற பிவிசி கவர் நாளாக நாளாக அட்டையோட ஒட்டிக்கும்.

பூச்சிக்கு, உங்க அப்பா வேப்பிலை போட்டது நல்ல வேலை. தஞ்சாவூர் சரஸ்வதி மகால்ல சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் இடிச்சு கற்பூரம் சேர்த்துத் துணியில முடிஞ்சு வெக்கிற பழக்கம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில எல்லாமே கிடைக்கும். நான் ஆறு மாசத்துக்கு ஒருதரம் முடிச்சை மாத்தறேன், இதுவரைக்கும் பூச்சி வரல.

இன்னொண்ணு, எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வெக்காதீங்க. நான் அப்போ பாதியை தஞ்சாவூர்ல தங்கச்சி வீட்டுல விட்டிருந்தா இன்னைக்கு இதை எழுத வேண்டியிருக்காது.

திருத்துறைப்பூண்டி டீச்சர்:

மிச்சம் 460 புக்கு என்ன ஆகும்னு யாரும் கேக்கலையே. எங்க பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க சார். நடுநிலைப் பள்ளி, ஆறாவது ஏழாவது பசங்க, பாடப் புத்தகம்னா எழுத்துக் கூட்டி இழுப்பாங்க, ஒரு படக்கதையைக் குடுத்தா அடுத்த கட்டத்துல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கற ஆசையில தானா வேகம் வந்துடுது, நான் கண்ணால பார்த்தது. லக்கி லுக், பூந்தளிர், அமர் சித்திர கதை, அம்புலிமாமா, இரும்புக்கை மாயாவி எதா இருந்தாலும் சரி. ஜேம்ஸ் பாண்ட், மாடஸ்டி மட்டும் வேண்டாம், அது பெரியவங்களுக்கு. கிழியும், அதை முன்னாடியே சொல்லிடறேன், ஒரு வருஷத்துல பாதி கிழியும். கிழியற வரைக்கும் படிப்பாங்க.

பாமணி ஆத்துக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாயவரம் அக்கா சொன்ன மாதிரி நேத்து முழுக்க உக்காந்து அப்பாவோட 60ஐயும் பக்கம் பக்கமாப் புரட்டுனேன். 11 புக்குல எழுத்து இருக்கு. ஒரு முத்துல பின் அட்டை உள்பக்கம் பென்சில்ல, ஐஆர் 20 நெல்லு, 42 மூட்டை, அதுக்குக் கீழ வண்டி வாடகை, அதுக்கும் கீழ புக்கு வெலை, மூணையும் ஒரே கணக்கா கூட்டிக் கோடு போட்டிருக்காங்க. அம்மாகிட்ட காட்டுனேன், அந்த வருஷம்தான் மோட்டார் கொட்டகை போட்டதுன்னாங்க. கொஞ்ச நேரம் அதைக் கையிலயே வெச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் புக்குக்கு அட்டை இல்ல, முதல் நாலு பக்கம் இல்ல, அதை முதல்ல எடுத்து வெச்சுட்டேன்.

இப்போதைக்கு கணக்கு இப்படி: அப்பாவோடது 60, ராணி 50, டெக்ஸ் 15, பூந்தளிர் 15, மத்தது 10. பட்டுக்கோட்டை அண்ணே, அப்பாவோடதுல பாதியை தங்கச்சி வீட்டுல, வலங்கைமான்ல, வெச்சுடறேன், அந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் ராணி எடுத்துக்கறேன். கும்மோணத்து அண்ணே, தேடறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ராணி 100க்கு மேல மிச்சம் இருக்கு, காசு வேண்டாம், செட்டு நிறைஞ்சா போதும்.

டீச்சர், ஞாயித்துக்கிழமை காலையில சித்தப்பா வண்டியில கொண்டாந்து குடுத்துடறேன். நாலு அட்டைப்பெட்டி. லக்கி லுக் எல்லாம் முதல் பெட்டியில மேலாக்க இருக்கும், ஜேம்ஸ் பாண்டையும் மாடஸ்டியையும் தனியா எடுத்துட்டேன். பெட்டியைத் தொறந்ததும் வேப்பிலை கொட்டும், கூட்டித் தள்ளிடாதீங்க, ஒரு வாரம் அதுலயே இருக்கட்டும்.