திம்பம் மேட்டில் வண்டி இழுக்கவில்லை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

தாளவாடியில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. மாதம் இரண்டு தடவை கோவையிலிருந்து சத்தி (சத்தியமங்கலம்) வழியாகப் போய்வருவேன். வண்டி 2011 மாடல் பெட்ரோல் கார். சத்தி வரைக்கும் ஒரு குறையும் இருக்காது. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு திம்பம் மலை ஏறினால், 27 கொண்டை ஊசி வளைவில் ஆறேழு தாண்டுவதற்குள் திணற ஆரம்பித்துவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் ஜெர்க் அடிக்கும், பாதி மிதித்தால் ஊர்ந்து போகும். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார். ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால் அடுத்த இரண்டு வளைவுக்குத் தாங்கும்.

கோவையில் ஒரு பட்டறையில் விட்டேன். நின்ற இடத்திலேயே ரேஸ் செய்து பார்த்துவிட்டு மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்றார்கள். பிளக் நாலும் மாற்றினார்கள், அப்புறம் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில். அதற்கும் கேட்கவில்லை என்றதும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் போய்விட்டது என்று புதுசு போட்டார்கள், 7,200 ரூபாய். அடுத்த தடவையும் அதே ஏழாவது வளைவு.

கடைசியில் சத்தியில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "ஏனுங் தம்பி, ஆர்பிஎம் ஏறியும் வண்டி ஏறலீங்களா, இல்ல ஆர்பிஎம்மே ஏறலீங்களா?" என்றார். ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், மட்டும் ஏறினால் கிளச் வழுக்குகிறது என்று அர்த்தம். எனக்கு ஆர்பிஎம்மே ஏறவில்லை.

பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டி, அதன் நீள ஹோஸைப் பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினார். மேடேறும்போது முள்ளைப் பார்க்க வேண்டுமாம். ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) 43 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 3 பார், அசையாமல் நின்றது. மூன்றாவது வளைவில் முழுசாக மிதித்ததும் 35, 30, 25 என்று இறங்கியது. வண்டி திணறியதும் அதே நொடிதான்.

புது பம்ப், புது ஃபில்டர், பிறகு ஏன் இறங்குகிறது? திரும்பி வந்து மல்டிமீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப் கனெக்டரில் 9.8 தான். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு நீள வயர் இழுத்து, பம்பின் எர்த் முனைக்கும் (கரண்ட் வண்டி பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இடம்) அந்த வயருக்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்தார். அரை வோல்ட் கூடக் காட்டக்கூடாத இடத்தில் 3.9. பம்புக்குப் போக வேண்டிய வோல்டேஜ் அந்த எர்த்திலேயே வீணாகிறது.

"கெணத்து மோட்டாருக்கு லோ வோல்டேஜ் வந்தா என்னாகுமுங்? தொட்டிக்குச் சொட்டும், வாய்க்காலுக்குப் பத்தாது. அதேதானுங்."

ஐடிலில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம், பலவீனமான பம்ப் அதற்குச் சமாளித்துவிடுகிறது. மேட்டில் கேட்கும் அளவுக்குத் தள்ள முடியவில்லை. பின் சீட்டைத் தூக்கினால் எர்த் போல்ட் மொத்தமும் துரு. தென்னைக்கு வைக்க உப்பு மூட்டையைப் பின் சீட்டில்தான் ஏற்றிப் போவேன், ஒரு மழையில் அது கசிந்திருக்கிறது. ஆக, கைங்கரியம் என்னுடையதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் முனைக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) வைத்து முறுக்கினார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

* * *

அண்ணா, எங்களுக்கு இதே கதை டீசல் வேனில். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு, பத்தாவதிலேயே எஞ்சின் லைட் எரிந்தது, 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் போகவில்லை. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகும், மறுபடி மேட்டில் அதே. ஸ்கேனரில் பி0087 என்ற கோடு, அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயில் பிரஷர் குறைவு. எங்கள் மெக்கானிக் முதலில் ஃபில்டரின் அடித்திருகைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். மேலே டீசல், கீழே இரண்டு விரற்கடை தண்ணீர். டிராக்டருக்கு வைத்திருந்த பேரலில் இருந்து அப்பா ஊற்றியதுதான், மூடி சரியில்லை. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலேதான் மசகு, தண்ணீர் போனால் உரசித் தேய்ந்துவிடும். நல்லவேளை, டேங்கைக் கழுவி ஃபில்டர் மாற்றியதோடு போயிற்று.

* * *

எனக்கு இவ்வளவு பெரிய கதை இல்லைங்க. ஒரு மணி நேரம் ஓட்டினால் இழுவை போகும், டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும், உடனே சரியாகும். மூடியில் காற்றுப் போகும் வழி அடைபட்டிருந்தது. மூடி மாற்றியதோடு சரி.

முதல் பதிவு போட்ட அண்ணாவிடம் ஒரு கேள்வி: அப்படியானால் கழற்றிப் போட்ட பழைய பம்ப் நல்ல பம்ப்தானே?

* * *

ஆமாங்க தம்பி. எனக்கும் அது தோன்றி, அந்தப் பட்டறைக்குப் போன் செய்து கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டு இரண்டு வாரம் ஆச்சுங்க என்றார்கள்.