ரிப்போர்ட்டில் ‘சென்சிடிவ்’, குழந்தைக்கோ மறுபடி காய்ச்சல்

என் பையனுக்கு அப்போது எட்டு மாதம். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வாய் வழியாகப் போதிய அளவு ஊட்ட முடியவில்லை, நெஞ்சில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் போகும் மெல்லிய குழாய்) போட்டு அதன் வழியாகத்தான் சத்து ஏறிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி லைனை உப்பு நீர் விட்டு ஃப்ளஷ் செய்த அரை மணி நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்துச் சில்லிட்டிருக்க, நெற்றி மட்டும் கொதித்தது. ரத்தத்தில் கிருமி வளருகிறதா என்று பார்க்கும் கல்ச்சரில் எம்ஆர்எஸ்ஏ, அதாவது பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி. ரிப்போர்ட்டில் ‘சென்சிடிவ்’, வேங்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்றார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது, 14 நாள் கோர்ஸை ஒரு வேளை தவறாமல் முடித்தோம்.

நிறுத்திய ஐந்தாம் நாள் அதே நடுக்கம், கல்ச்சரில் அதே கிருமி. இப்போதும் மருந்து கேட்கும் என்றே ரிப்போர்ட். அப்புறம் எப்படித் திரும்பி வந்தது? நான்தான் கையைச் சரியாகக் கழுவாமல் லைனைத் தொட்டுவிட்டேனோ என்று எத்தனை ராத்திரி அழுதிருப்பேன். இங்கே யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

—

அக்கா, முதலில் அழுகையை நிறுத்துங்கள். நான் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன், இந்தக் கதையைப் பலமுறை பார்த்தாயிற்று. ரிப்போர்ட்டில் வரும் எம்ஐசி என்பது கிருமி பெருகாமல் நிற்க எவ்வளவு மருந்து வேண்டும் என்ற கணக்கு. கிருமி செத்ததா என்பதை அது சொல்லாது. வேங்கோமைசின், பென்சிலின் மாதிரி மருந்துகள் கிருமி சுவர் கட்டும் வேலையில் கை வைப்பவை, சுவரே கட்டாமல் தூங்கும் கிருமியை அவை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. லைனின் உட்சுவரில் படியும் வழுவழுப்பான பயோஃபிலிமில் இப்படித் தூங்குபவை நிறைய. இப்படிச் சாகாமல் தாங்குவதைத்தான் டாலரன்ஸ் என்கிறோம், மருந்து இருக்கும்போதே பெருகும் ரெசிஸ்டன்ஸ் வேறு.

1944லேயே ஜோசப் பிக்கர் என்ற ஆராய்ச்சியாளர் பென்சிலினில் ஸ்டெஃபைலோகாக்கஸைப் போட்டுப் பார்த்தார். பத்து லட்சத்தில் ஒன்று போலப் பிழைத்தது, பிழைத்ததை வளர்த்தால் அந்தச் சந்ததியும் பழையபடி பென்சிலினுக்குச் சாகிறது!

இதைக் கண்ணால் பார்க்கும் ஒரு சோதனை 2017ல் வந்தது. கிருமி வளர்க்கும் தட்டில் வைக்கிற மருந்து தோய்ந்த வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் இருக்கும் இல்லையா, மருந்து வட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் கிருமிக்குத் தீனியாகக் குளுக்கோஸ் வட்டு வைத்துக் காத்திருந்தால், காலி என்று நினைத்த அந்த வளையத்துக்குள் குண்டூசித் தலை அளவில் புள்ளி புள்ளியாக முளைத்து வரும். வழக்கமான சோதனையில் இது சேராது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. இன்னொன்று, இப்படித் தாங்கிப் பிழைத்த கூட்டத்திலிருந்துதான் ரெசிஸ்டன்ஸ் சீக்கிரம் கிளம்புகிறது என்று அதே வருஷம் ஈ.கோலை என்ற குடல் கிருமியில் காட்டினார்கள். அதனால் மறுபடி வந்தால் அதே மருந்தை இன்னும் பத்து நாள் என்று நீட்டுவதற்கு முன், லைனை எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

—

தம்பி, ரொம்ப நன்றி. எங்கள் டாக்டரும் கடைசியில் அதைத்தான் செய்தார். லைனை எடுத்து, கல்ச்சர் சுத்தமாக வந்த பிறகே வேறு இடத்தில் புது லைன் போட்டார்கள். வெளியே எடுத்த குழாயைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், வெள்ளையாக, புதுசு போலவே இருந்தது. இப்போது பையனுக்கு மூன்று வயது. காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது, குளிப்பாட்டும்போதெல்லாம் என் கை அங்கே ஒரு நொடி நின்றுவிடுகிறது.