சேட் பைக்குள்ள அடங்கிற சின்னப் பேனை ஒண்டு வேணும்

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு ரயில்ல போய்வாறனான். வேலை களஞ்சியத்தில, நாள் முழுக்க நிண்டபடி பற்றுச்சீட்டு எழுதவேணும். நீளப் பேனை குனியேக்க விழுந்திடுது. போன கிழமை ஒண்டு பைக்குள்ளயே மை கக்கி, அம்மா தந்த வெள்ளைச் சேட் பழுதாப்போச்சு. சரியான கவலை.

ஃபிஷர் ஸ்பேஸ் பேனையில 'புல்லட்' எண்ட வகை பிடிச்சிருக்கு. மூடினா 9.5 சென்ரிமீற்றர்தான், மூடியைப் பின்னால செருகினா முழுப் பேனை அளவு. உள்ளுக்க அழுத்தி அடைச்ச வாயு மையைத் தள்ளுறதால ஈரக் கடதாசியிலயும் எழுதும். எங்கட மழைக்கு அதுதான் தோது.

திறப்புக்கோர்வையில கொழுவுற குட்டிப் பேனை விரலுக்குள்ள நிக்குமா? பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ. புறக்கோட்டையில எங்க வாங்கலாம்? முக்கியமா, ரீபில் இஞ்ச கிடைக்குமா?