நான்காம் வேற்றுமைக்கு வந்த 11 அம்புகள்: பாடத்திட்டத்தைப் படமாக வரைந்தவர்களின் அனுபவங்கள்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியை, சென்னை

வேலைக்காகச் சென்னைக்கு வந்த வெளிமாநிலத்தவர்களுக்கு இணையவழியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 8 வாரம், வாரத்துக்கு 2 வகுப்பு, வகுப்புக்கு ஒரு மணி நேரம். பாடத்திட்டத்தைக் கிளை கிளையாக வரைந்து பார்க்கும் மென்பொருளால் என் வகுப்பு தலைகீழாக மாறிய கதையை எழுதச் சொல்லித் தோழி ஒருத்தி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இதே வேலையைச் செய்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

முதல் அணிக்கு நான் போட்டது எல்லோரும் போடுகிற திட்டம்தான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. பிறகு பெயர், வேற்றுமை, வினை, காலம். வேர்டு கோப்பில் எண்ணிட்டு வரிசையாக எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் வாரக் கடைசியில் ஒடிசாக்காரர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "மேடம், ங, ஞ எல்லாம் எழுதக் கற்றுக்கொண்டேன். ஆட்டோக்காரரிடம் எப்போது பேசுவேன்?" 14 பேரோடு தொடங்கிய வகுப்பில் அன்றைக்கு 6 பேர் இருந்தார்கள்.

அந்த அணி முடிந்ததும் என் தம்பி மடிக்கணினியில் ஃப்ரீபிளேனை நிறுவிக்கொடுத்தான். இலவச மென்பொருள், ஃப்ரீமைண்ட் என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைத்தது. நடுவில் ஒரு பெட்டி. டேப் விசையை அழுத்தினால் அதற்கு ஒரு பிள்ளை, என்டரை அழுத்தினால் பக்கத்தில் ஓர் உடன்பிறப்பு. இடைவெளி விசை கிளையை மடக்கும், விரிக்கும். இந்த மூன்றே போதும். இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவள் ஒரு மணிக்கு எழுந்தபோது 140 பெட்டிகளுக்கு மேல் இருந்தன. எழுத்துக்கு நீலம், பெயருக்குப் பச்சை, வினைக்குச் சிவப்பு. மயில் தோகை விரித்ததுபோல இருந்தது. பெரிய தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

நான்கு நாள் கழித்துத்தான் அசட்டுத்தனம் உறைத்தது. பழைய வேர்டு கோப்பில் இருந்த அதே பொருளடக்கத்தைப் படுக்கப்போட்டு வண்ணம் அடித்திருந்தேன். வேறு எதுவும் மாறவில்லை. இந்த மென்பொருள்களைப் புகழ்கிறவர்கள் சொல்லாமல் விடும் இடம் இதுதான். படம் வரைவதில் வேலை முடிந்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. வேலை தொடங்கியே இருக்காது.

இரண்டாம் முறை வேறு மாதிரி செய்தேன். வலப்பக்கம் இலக்கணக் கிளைகள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இடப்பக்கம் எட்டு வார முடிவில் என் மாணவர் வாயிலிருந்து வரவேண்டிய வாக்கியங்களை மட்டும் ஒவ்வொரு பெட்டியாகப் போட்டேன். பாரிமுனைக்கு எவ்வளவு? எனக்குத் தண்ணீர் வேண்டும். உங்களுக்கு இந்தி தெரியுமா? எனக்குக் காரம் பிடிக்காது. நாளைக்கு வாருங்கள். எனக்குப் புரியவில்லை. எனக்குத் தலை வலிக்கிறது. இப்படி 24 வாக்கியங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும், அதைச் சொல்ல எந்த இலக்கணம் தெரிந்திருக்க வேண்டுமோ அந்தப் பெட்டிக்கு ஓர் அம்பு இழுத்தேன்.

இழுத்துக்கொண்டே போகும்போது ஒரு பெட்டியில் மட்டும் அம்புகள் வந்து குவிந்தன. எண்ணிப் பார்த்தேன், 11. அது நான்காம் வேற்றுமை, 'கு' உருபு. எழுவாய், ஐ, ஆல், கு என்று பள்ளியில் ஒப்பித்த வரிசைப்படி, என் பழைய திட்டத்தில் அது ஐந்தாம் வாரத்தில் கிடந்தது. வேற்றுமை வரிசை என் மண்டையில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதை மாற்றலாம் என்றே தோன்றியதில்லை.

இன்னொன்றையும் அம்புகள் காட்டின. வேண்டும், தெரியும், பிடிக்கும், புரியும் என்ற சொற்கள் அந்த 'கு'வோடு சேர்ந்தே வந்தன. எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும், அவர்களுக்கு வேண்டும். யாராக இருந்தாலும் வினை அசையாது. திணை, பால், எண், இடம் என்று விகுதி அட்டவணை எதையும் கொடுக்காமலே முதல் வகுப்பில் பத்து வாக்கியம் பேசவைத்துவிடலாம். இருபது ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் அந்த 11 அம்புகளையும் சேர்ந்தாற்போல் பார்க்கும்வரை, திட்டம் போடும்போது அது என் கண்ணில் பட்டதே இல்லை.

படத்துக்குக் காலம் தெரியாது என்பது அடுத்த பாடம். எல்லாப் பெட்டியும் ஒரே அளவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் கடைசியிலும் எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று குறித்தேன். கிளையை அப்படியே நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினால் ஒவ்வொரு மட்டமும் ஒரு நெடுவரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நிமிடங்களைப் பக்கத்தில் எழுதிக் கூட்டுவது எளிது. கையிலிருந்தது 960 நிமிடம். கூட்டினால் 1,430 வந்தது. எழுதும் பயிற்சி முழுவதையும் வெட்டினேன். பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிக்கும் அளவுக்கு எழுத்து போதும் என்று முடிவுசெய்தேன். வெட்டும்போது மனம் கொஞ்சம் வலித்தது.

பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம்

எங்களுக்கு உங்களைப்போல வரிசையை மாற்றும் சுதந்திரம் கிடையாது. பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது, அலகு ஐந்து, தேர்வு அதன்படி. அலகுக்குள் என்ன செய்கிறேன் என்பது மட்டும் என் கையில். அதற்குத்தான் எக்ஸ்மைண்ட் என்ற இதேபோன்ற மென்பொருளில் வரைந்தேன்.

மின் இயந்திரங்கள் பாடம். கிளைகளை மடக்கி வைத்துப் பார்த்தபோது ஐந்தும் சமமாக, நல்ல பிள்ளைகளாக நின்றன. விரித்ததும் குட்டு வெளிப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மர் கிளையில் 31 பெட்டிகள். மையப்பகுதித் தகடுகளுக்கு மட்டுமே நான்கு. எர்த்திங் கிளையில் இரண்டு. எனக்கு டிரான்ஸ்ஃபார்மர் என்றால் கொள்ளை ஆசை. என் முதுகலைத் திட்டப்பணியே அதில்தான். என் மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் வீடு, கடை, மில் என்று வயரிங் வேலைக்குப் போகிறவர்கள். எர்த்திங் சரியில்லை என்றால் ஆள் போய்விடும். பட்டியலாக எழுதியிருந்த காலத்தில் இந்தக் கோணல் பக்கம் பக்கமாகச் சிதறிக் கிடந்ததால் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை. இதே படத்தை வகுப்பில் திரையில் போட்டுப் பாடம் நடத்திப் பார்த்தேன். பெரிதாக்கி, சிறிதாக்கி, இழுத்து, விரித்து... பத்து நிமிடத்தில் கடைசி பெஞ்ச் மாணவன், "சார், இப்போது எங்கே இருக்கிறோம்?" என்று கேட்டான். ராட்டினத்தில் ஏற்றியதுபோல ஆகிவிட்டது. நாம் நடந்து முடித்தபின் நமக்குத்தான் வரைபடம் புரியும். புதிதாக வருகிறவனுக்கு 'முதலில் இது, அடுத்து இது' என்று நேர்க்கோட்டில் சொன்னால்தான் ஆகும். இப்போது படம் என் மேசையோடு சரி.

பயிற்சிப் பாடங்கள் எழுதுபவர், கோயம்புத்தூர்

நான் சொல்லப்போவது வயிற்றெரிச்சல். பெயர் வேண்டாம்.

மாதச் சந்தாவில் இணையத்திலேயே வரையும் ஒரு சேவையை எங்கள் சிறிய குழு இரண்டு ஆண்டு பயன்படுத்தியது. ஜவுளி ஆலை மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சி, கடைப் பணியாளர்களுக்கான பயிற்சி என்று 9 பாடத்திட்டங்கள் அதில் இருந்தன. வாடிக்கையாளர்கள் குறைந்த மாதங்களில் சந்தாவை நிறுத்தினோம். மறுநாள் திறந்தால், மூன்றைத் தவிர மற்றவை பார்ப்பதற்கு மட்டும். வெளியே எடுக்க வழி கேட்டால் படமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சட்டம் போட்டு மாட்டலாம். ஆறு திட்டங்களையும் நான்கு இரவு உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தோம்.

அதற்குப்பிறகு எந்த மென்பொருளைத் தொட்டாலும் முதல் கேள்வி, ஓபிஎம்எல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்பதுதான். அடைப்புக்குறிகளுக்குள் எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு அது. நோட்பேடில் திறந்தாலும் எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி என்று கண்ணாலேயே படிக்கலாம். டேவ் வைனர் என்ற அமெரிக்க நிரலாளரின் நிறுவனத்திலிருந்து 2000-ஆம் ஆண்டில் வந்தது. அவர் 1983-லேயே திங்க்டேங்க் என்று ஒரு மென்பொருள் செய்தவர். தலைப்பை மடக்கி விரிக்கும் இந்த வித்தை அதிலேயே உண்டு. அதற்கும் முன்பு, 1968 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற கணினிப் பொறியாளர் தாம் நடத்திய செயல்விளக்கத்தில் மளிகைப் பட்டியல் ஒன்றைத் திரையில் மடக்கி, வகைபிரித்துக் காட்டினார். நமக்கு இது புதுமை, அவ்வளவுதான்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. திரையில் ஒழுங்காகத் தெரிவது பிடிஎஃப்பில் உடையும். ஒருமுறை வாடிக்கையாளருக்கு அனுப்பிய கோப்பில் 'கொள்முதல்' என்பதில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம், நடுவில் புள்ளி வட்டம். அவர் அதை வாட்ஸ்அப்பில் சிரிப்புப் பொம்மையோடு திருப்பி அனுப்பினார். ஒரு மென்பொருளில் 140 பெட்டி போடுவதற்கு முன்னால் கொக்கு, கௌரி, ஸ்ரீ என்று மூன்று பெட்டி மட்டும் போட்டுப் பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். மூன்றும் பிழைத்தால் நம்பலாம்.

நர்சிங் கல்லூரி ஆசிரியை, மதுரை

மொபைலில் வரைய முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், ஆனால் 20 பெட்டிக்கு மேல் போனால் விரல்தான் பெரிதா, பெட்டிதான் பெரிதா என்று ஆகிவிடும். நான் பஸ்ஸில் போகும்போது தலைப்புகளை வரிவரியாக எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து கணினியில் ஒட்டுகிறேன்.

சென்னை அக்காவின் அம்புகளைப் படித்ததும் ஒன்று தோன்றியது. உங்களுக்குத் தேவை மரம் அல்ல, வலை. மரத்தில் ஒரு பெட்டிக்கு ஒரே தாய்தான். எங்கள் பாடத்தில் சர்க்கரை நோய் என்பது உடலியங்கியலிலும் வரும், மருந்தியலிலும் வரும், புண் பராமரிப்பிலும் வரும். எங்கே தொங்கவிடுவது? கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் 1970-களில் உருவாக்கிய கருத்து வரைபடம் இதற்கென்றே வந்ததுபோல இருக்கிறது. அதில் கோட்டின் மேலும் ஒரு சொல் எழுத வேண்டும். 'இன்சுலின்' பெட்டிக்கும் 'ரத்தச் சர்க்கரை' பெட்டிக்கும் நடுவே வெறும் கோடு போட்டுத் தப்பிக்க முடியாது. 'குறைக்கிறது' என்று எழுதியாக வேண்டும். என்ன எழுதுவதென்று தெரியாமல் விழித்த இடங்களில் எல்லாம், இத்தனை நாளும் நான் சரியாக விளக்காமல் கடந்துபோயிருக்கிறேன் என்று புரிந்தது. சிமேப்டூல்ஸ் என்ற மென்பொருளில் செய்தேன். அழகு கம்மிதான். வேலை நடக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

எனக்குக் கணினி பேத்தி தயவில்தான். நான் பாடம் திட்டமிட்டது கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில். அழகான கெட்டித் தாள், பின்பக்கம் வெற்று. சீட்டுகளாக வெட்டி, ஒரு சீட்டில் ஒரு செய்தி எழுதி, கூடத்துத் தரையில் பரப்பிவைத்துக்கொள்வேன். வரிசை பிடிக்கவில்லை என்றால் காலாலேயே தள்ளி மாற்றலாம். ஒரு மே மாதம், இரண்டு மணி நேரம் பரப்பிய யாப்பிலக்கணத்தை மின்சாரம் வந்ததும் மின்விசிறி ஒரே சுற்றில் வாரிக்கொண்டு போனது. வெண்பா அடுக்களையில் கிடந்தது.

நன்னூலில் நூல் செய்வதற்கு 32 உத்திகள் சொல்லியிருக்கிறது. அதில் 'தொகுத்துச் சுட்டல்', 'வகுத்துக் காட்டல்' என்று இரண்டு அடுத்தடுத்து வரும். நீங்கள் எல்லோரும் சொல்கிற அந்த மடக்குவதும் விரிப்பதும் அதுதானே? தொல்காப்பியம் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல், ஆக 27. இதைப் பேத்தியை விட்டு அந்தப் படத்தில் போடச் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டாள். அடுத்து என்ன என்று கேட்டாள். 

சென்னை அம்மா, ஒரு கேள்வி. நான்காம் வேற்றுமையை முதல் வகுப்பிலேயே வைத்தால், இரண்டாம் வேற்றுமை வரும்போது 'ஏன் இது இரண்டாவது' என்று மாணவர் கேட்கமாட்டாரா?

தமிழ் கற்பிக்கும் ஆசிரியை, சென்னை

ஐயா, உங்கள் வெண்பா அடுக்களைக்குப் போனதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்கள் கேள்விக்குப் பதில்: கேட்கவே மாட்டார்கள். அவர்களுக்கு நான் எண்ணே சொல்வதில்லை. 'கு' வகுப்பு, 'ஐ' வகுப்பு என்றுதான் பெயர். எண் நம் இருவருக்கும்தான் தேவைப்படுகிறது.

மதுரைத் தங்கை சொன்ன வலையை வரைந்து பார்த்தேன். 'மரம்' எப்படி 'மரத்துக்கு' ஆகிறது என்பதை எந்தக் கிளையில் தொங்கவிடுவது என்று நானும் முழித்திருக்கிறேன். எழுத்திலா, பெயரிலா? ஃப்ரீபிளேனில் குளோன் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே பெட்டியை இரண்டு இடத்தில் வைக்கலாம், ஓரிடத்தில் திருத்தினால் இன்னோரிடத்திலும் மாறும். அதைவைத்து ஒப்பேற்றினேன். கோட்டின் மேல் சொல் எழுதும் யோசனை அதைவிட நன்றாக இருக்கிறது. கோவைக்காரர் சொன்ன கொக்கு, கௌரி, ஸ்ரீ சோதனையும் செய்துவிட்டேன். மூன்றும் பிழைத்தன.

புது அணி போன வாரம் தொடங்கியது. முதல் வகுப்பு முடிந்த அன்று மாலை, எல்லோரும் வீட்டில் ஐந்து வாக்கியம் எழுதி அனுப்ப வேண்டும் என்று குழுவில் போட்டிருந்தேன். பாட்னாவிலிருந்து வந்த பையன் ஒருவன் ஒரே ஒரு வாக்கியம் அனுப்பினான், ஆங்கில எழுத்துகளில்: "டீச்சர், எனக்கு வீட்டுப்பாடம் வேண்டாம்." பிழையே இல்லை. 'வேண்டாம்' நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எங்கேயோ கடையில் பிடித்திருக்கிறான். படத்தில் 25-ஆவது பெட்டியாக அதைச் சேர்த்து, 'கு'வுக்கு 12-ஆவது அம்பை இழுத்துவிட்டேன்.