திருநீறு பூசினால் 20 புள்ளியா?

உவர்மலையான்:
நேற்று தம்பலகாமத்தான் எழுதியதை வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. திருகோணமலையில் சைவப் பல்கலைக்கழகம் வர வேண்டுமாம். அதில் 100க்கு 20 புள்ளி வழிபாட்டு ஒழுக்கத்துக்காம். அந்த 20ஐ யார் போடுவது? விரிவுரையாளரா, கோயில் ஐயரா?

தம்பலகாமத்தான்:
பௌத்த பாலி பல்கலைக்கழகத்துக்கு 1981இலேயே சட்டம் வந்தது, மாஸ்டர். அநுராதபுரத்துப் பிக்குப் பல்கலைக்கழகம் 1996. நாங்கள் கேட்டால் மட்டும் கசக்கிறதோ? கோயிலில் ஓதுகிற பஞ்சபுராணத்தைத் தாளில் எழுதிக் காட்டினால் போதுமா?

உவர்மலையான்:
பல்கலைக்கழகம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பதி, பசு, பாசம் என்கிற சைவ சித்தாந்தம் விளங்கியதா என்று வாய்மொழியாகக் கேள், ஒப்படை கொடு, திருத்து. அதெல்லாம் சரி. 20ஐ யார் போடுவது?

கிண்ணியா வாசகன்:
குர்ஆன் மனனத்தை உஸ்தாத் காதால் கேட்டுத்தான் சோதிப்பார். ஓர் எழுத்துப் பிசகினாலும் பிடித்துவிடுவார். நீங்களும் ஓதுவார் முன்னால் தேவாரத்தைப் பண்ணோடு பாடவிட்டுப் புள்ளி போடலாமே. மனதுக்குள் இருப்பதற்கு யார் புள்ளி போடுவது?

உவர்மலையான்:
கேட்டாயா தம்பி? அமெரிக்காவில் மோர்மன் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆண்டுதோறும் தம் ஒழுக்கத்துக்குச் சமயத் தலைவரின் ஒப்புதல் வாங்க வேண்டும். அவர்களே அதைப் பாடப் புள்ளியோடு கலப்பதில்லை.

தம்பலகாமத்தான்:
ஒப்புதல் இல்லாவிட்டால் அங்கே படிக்கவே முடியாது. என் 20 புள்ளி எவ்வளவோ மேல். உங்கள் உதாரணம் எனக்குத்தான் உதவுகிறது, நன்றி.

நிலாவெளிக் காற்று:
அது கிடக்கட்டும், கட்டடம் எங்கே? நிலாவெளிப் பக்கம் நல்ல காணி இருக்கிறது.

தம்பலகாமத்தான்:
ஆதி கோணேசர் கோயில் இருக்கிற எங்கள் தம்பலகாமத்தை விட்டுவிட்டு, வெள்ளைக்காரர் வெயில் காய்கிற கடற்கரையிலா?

நிலாவெளிக் காற்று:
அப்போ வயல் சேற்றில் கட்டுங்கள். விரிவுரைக்கு உழவு இயந்திரத்தில் வரலாம்.

தம்பலகாமத்தான்:
அந்த வயல் நெல்லைத் தின்றுவிட்டுத்தான் இந்த வாய்.

உவர்மலையான்:
காணிச் சண்டை பிறகு. மூன்றாம் தடவையாகக் கேட்கிறேன், 20ஐ யார் போடுவது? பதில் வராது. எனக்குத் தெரியும்.

தம்பலகாமத்தான்:
நீங்கள் சைவசமய பாடத்துக்கு எப்படிப் புள்ளி போட்டீர்கள் என்று உங்களிடம் படித்தவர்களைக் கேட்டால் தெரியும். நானும் ஒருவன்.

உவர்மலையான்:
ஓ, நீயா! 38 எடுத்த கோபம் இன்னும் போகவில்லையா?

தம்பலகாமத்தான்:
38 இல்லை, 41. கூட்டத் தெரியாமல்தான் 38 போட்டீர்கள்.